சூரிச் – ஹீத்ரோ: 788 கிலோமீட்டருக்கு 50 நிமிடமா, 2 மணி 45 நிமிடமா?

அளவெட்டியான்:
எல்லோருக்கும் வணக்கம். நான் சுவிஸில் வின்டர்தூரில் இருக்கிறேன். லண்டன் ஹாரோவில் இருக்கும் தங்கச்சியின் மகளுக்குச் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா). ஜூன் மாதம், சனிக்கிழமை, பின்னேரம் 4 மணிக்கு மண்டபத்தில் தொடக்கம். அம்மாவை அனுப்ப வேண்டும். அவருக்கு 74 வயது, முழங்கால் வலி, நீண்ட தூரம் நடக்க முடியாது. எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் தனியாகத்தான் போகிறார்.

டிக்கெட்டைப் பதிவு செய்வதற்கு முன் பார்த்தேன். சூரிச்சில் 12:10-க்குக் கிளம்பி ஹீத்ரோவில் 13:00-க்கு இறங்குகிறது. திரும்பி வரும்போது ஹீத்ரோ 18:00, சூரிச் 20:45. அம்மா இதைப் பார்த்துவிட்டு, "போக 50 நிமிஷம், வர ரெண்டே முக்கால் மணித்தியாலமோ?" என்று கேட்டார். லண்டன் நேரம் சுவிஸ் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்று சொல்லிப் புரியவைத்தேன். அப்படிக் கணக்குப் பார்த்தால் போக 1 மணி 50 நிமிடம், வர 1 மணி 45 நிமிடம்.

ஆனால் தூரம் பார்க்கும் ஒரு தளத்தில் 788 கி.மீ., பறக்கும் நேரம் 1 மணி 29 நிமிடம் என்று இருக்கிறது. இன்னொரு தளத்தில் 425 என்று போட்டிருக்கிறது, வேறொன்றில் 490. இவற்றில் எதை நம்புவது? 13:00-க்கு இறங்கினால் 4 மணிக்கு ஹாரோ மண்டபத்துக்குப் போய்ச் சேர முடியுமா? எனக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான்.

நாட்டிகல்:
மூன்று எண்ணும் சரிதான், அளவு மட்டும்தான் வேறு. 788 கிலோமீட்டர், 490 சாதாரண மைல், 425 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ. விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில்தான் சொல்வார்கள், வேகத்தை 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அளவில்.

இது இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பூமியின் வளைவை ஒட்டி இழுத்த மிகக் குறுகிய கோடு. பெருவட்டத் தூரம் என்பார்கள். இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கையில் இருந்தால் நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். நான் போட்டேன், 788 வந்தது. லண்டனின் வேறு விமான நிலையங்களான கேட்விக்கில் இறங்கினால் சுமார் 754, லண்டன் சிட்டியில் இறங்கினால் சுமார் 760.

1 மணி 29 நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. பல தளங்கள் எல்லா விமானங்களும் மணிக்கு 500 மைல் வேகத்தில் போகின்றன என்று வைத்துக்கொண்டு, ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகின்றன. 490-ஐ 500-ஆல் வகுத்தால் 59 நிமிடம். அதோடு 30 சேர்த்தால் 1:29. காற்று, நெரிசல், ஓடுபாதை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

ரயில்பிரியன்:
ரயிலை யோசித்தீர்களா? சூரிச்சிலிருந்து பாரிஸின் கார் தெ லியோன் ரயில் நிலையத்துக்கு நேரடி டிஜிவி அதிவேக ரயில் இருக்கிறது, சுமார் 4 மணி நேரம். பாரிஸின் இன்னொரு நிலையமான கார் து நோரிலிருந்து லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்துக்கு யூரோஸ்டாரில் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. திரவம் 100 மில்லி என்ற கட்டுப்பாடு கிடையாது. அம்மா ஊறுகாய்ப் போத்தலோடு போகலாம்.

ஹாரோ_சுதா:
தம்பி ரயில்பிரியன், முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவைத் தனியாக கார் தெ லியோனிலிருந்து கார் து நோருக்கு ஆர்இஆர் நகர ரயிலில் மாறச் சொல்கிறீர்களா? இரண்டே நிறுத்தம்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில் பெட்டியோடு ஏறி இறங்குவது எனக்கே கஷ்டம். அங்கே ஒரு மணி நேரம் போகும், யூரோஸ்டார் செக்கின் வேறு. மொத்தம் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. அவர் விமானத்திலேயே வரட்டும்.

அளவெட்டியான், அம்மாவிடம் சுவிஸ் பாஸ்போர்ட் என்றால், பிரிட்டனுக்குப் போக எடுக்க வேண்டிய மின்னணு முன் அனுமதி, அதுதான் இடிஏ, எடுத்துவிட்டீர்களா? 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய, சுவிஸ் பாஸ்போர்ட்காரர்களுக்கும் அது கட்டாயம். அதை மறந்து செக்கின் மேசையிலேயே நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், வீல்செயார் உதவியைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் பதிவு செய்யுங்கள். பணம் எதுவும் இல்லை, அது அவருடைய உரிமை.

ஓடுபாதை28:
நான் சுவிஸில் ஒரு விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருமுறை யாராவது கேட்பார்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் 1 மணி 50 நிமிடம் பறக்கும் நேரம் அல்ல. நாங்கள் அதை பிளாக் டைம் என்போம். பயணிகள் ஏறும் வாசலில் விமானத்தின் சக்கரக் கட்டையை எடுத்துப் பின்னால் தள்ளுவதிலிருந்து, போன இடத்தில் வாசலில் நிறுத்திக் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். தரையில் ஊர்ந்து போவது, ஓடுபாதை முனையில் வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாசல் காலியாகக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். சூரிச் – ஹீத்ரோவில் காற்றில் இருப்பது பெரும்பாலும் 1 மணி 15 நிமிடத்துக்கும் 1 மணி 30 நிமிடத்துக்கும் இடையில். மிச்சம் எல்லாம் தரை.

இரண்டாவது விஷயம், விமானம் அந்த 788 கி.மீ. கோட்டில் போவதே இல்லை. ஏறுவதற்கு என்று வகுத்த பாதை இருக்கிறது, இறங்குவதற்கு என்று வகுத்த பாதை இருக்கிறது, நடுவில் வான்வழிகள். ஹீத்ரோவிலிருந்து கிளம்புவதைப் பாருங்கள். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் பெரும்பாலான நாட்களில் மேற்கு நோக்கித்தான் எழும்புவார்கள். சூரிச் இருப்பதோ தென்கிழக்கில். ஆக முதல் சில நிமிடங்கள் விமானம் போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. பிறகு திரும்பி, லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கென்ட் வழியாக வந்து, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டுகிறது. உண்மையில் பறக்கும் தூரம் எண்ணூறைத் தாராளமாகத் தாண்டும்.

மூன்றாவது, காற்று. மேற்கு ஐரோப்பாவில் மேலே வீசுவது பெரும்பாலும் மேற்குக் காற்று. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் தரையைப் பொறுத்தவரை வேகம் 700 தான். 788-ஐ 700-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 68 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 900, நேரம் 53 நிமிடம். முழு வழியும் அப்படி இருக்காது என்றாலும், லண்டனுக்குப் போவது மெதுவாகவும் வருவது விரைவாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் டிக்கெட்டில் அது ஐந்து நிமிட வித்தியாசமாகத் தெரிகிறது. குளிர்காலத்தில் காற்று பலமாக இருக்கும்போது இன்னும் கூடும்.

நான்காவதுதான் உங்களுக்கு முக்கியம்: ஹீத்ரோ. ஓடுபாதை இரண்டே இரண்டு. விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து வருடத்துக்கு 4,80,000 என்று உச்சவரம்பு. கிட்டத்தட்ட அது நிரம்பியே இருக்கிறது. ஒரு விமானம் பிந்தினால் பின்னால் வருவதெல்லாம் பிந்தும். வருகிறவர்களை போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிகின் ஹில் என்ற நான்கு இடங்களில் அடுக்கடுக்காக வட்டமடிக்க விடுவார்கள். 2014 முதல் இதைக் குறைப்பதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஹீத்ரோவுக்கு 350 கடல் மைல் தொலைவிலேயே, அதாவது பிரான்ஸ் வான்வெளியில் இருக்கும்போதே, "கொஞ்சம் மெதுவாக வா" என்று சொல்லிவிடுவார்கள். சூரிச்சிலிருந்து மொத்தமே 425 கடல் மைல்தானே? அதனால் எங்கள் விமானம் ஏறி முடித்த சூட்டிலேயே வேகத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும். எரிபொருள் மிச்சம், சத்தம் குறைவு. நல்ல ஏற்பாடு.

இதெல்லாம் தெரிந்துதான் விமான நிறுவனங்கள் பழைய பயணங்களின் உண்மை நேரத்தைப் பார்த்து அட்டவணை போடுகின்றன. 1:50 என்பது அப்படி வந்த எண். நம்புவதானால் அதை நம்புங்கள்.

கென்ட்_கண்ணன்:
ஓடுபாதை அண்ணா சொன்ன பிகின் ஹில் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். சனி ஞாயிறு காலையில் தோட்டத்தில் நின்று பார்த்தால் தலைக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்றாக நான்கைந்து விமானங்கள் சுற்றுவது தெரியும். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் போல ஆகும். என் மகனும் நானும் எண்ணிக்கொண்டு நிற்போம். எப்போது எது வட்டத்தை விட்டுப் பிரியும் என்று அவன் சரியாகச் சொல்லிவிடுவான்.

அம்மாவுக்கு ஜன்னல் இருக்கை எடுப்பதாக இருந்தால் வலப்பக்கம் எடுங்கள். மேற்குப் பார்த்து இறங்கும் நாளாக இருந்தால் விமானம் லண்டன் நகரத்தின் தெற்கோரமாகப் போகும். தேம்ஸ் ஆறு, டவர் பாலம், பாராளுமன்றம் எல்லாம் வலப்பக்கம் வரிசையாக வரும். அவ்வளவு அழகான இறக்கம் ஐரோப்பாவில் வேறு எந்தப் பெரிய நிலையத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அளவெட்டியான்:
எல்லோருக்கும் பெரிய நன்றி. ஓடுபாதை அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதுகைக் காட்டிக்கொண்டு போகும் கதை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இடிஏ எடுத்தாகிவிட்டது சுதா அக்கா. வீல்செயாருக்கு இன்றே சொல்கிறேன்.

ஆனால் 13:00 – 16:00 கேள்வி இன்னும் தீரவில்லை. மூன்று மணித்தியாலம் போதாதா?

ஹாரோ_சுதா:
சொல்கிறேன். 13:00-க்கு வாசலில் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வீல்செயாரில் போகிறவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். அது 13:20. டெர்மினல் 2 என்றால் விமானம் பி கட்டடத்தில் நிற்கலாம். அங்கிருந்து முன்கட்டடத்துக்குத் தரைக்கு அடியில் நீண்ட நடை. வண்டியில் கொண்டுபோவார்கள், ஆனால் வண்டி வர வேண்டும். பாஸ்போர்ட், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 14:15. சனிக்கிழமை ஹீத்ரோவிலிருந்து ஹாரோ காரில் முக்கால் மணி, சில நாள் ஒரு மணி. வீட்டுக்கு வர 15:15. அம்மா முகம் கழுவி, கூறைச் சேலை மாற்றி, நகை போட்டு, மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். அதுவும் விமானம் ஒரு நிமிடம்கூடப் பிந்தாவிட்டால்தான்.

ஆரத்தி எடுக்க வேண்டிய அம்மம்மா பிந்தி வந்து நின்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? என் மூத்தவளின் சடங்குக்கு என் மாமியார் ஜெர்மனியிலிருந்து அன்று காலை விமானத்தில் வந்தார். விமானம் இரண்டரை மணி நேரம் பிந்தியது. அவர் மண்டபத்துக்குள் வரும்போது கேக் வெட்டி முடிந்துவிட்டது. ஆல்பத்தில் முக்கியமான படம் எதிலும் அவர் இல்லை. இப்போதும் அந்த ஆல்பத்தைத் திறக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். தயவுசெய்து வெள்ளிக்கிழமையே அனுப்புங்கள்.

சட்டப்பக்கம்:
பிந்துவது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நேரத்தைக் கணிப்பதற்கு 788 உதவாமல் போகலாம், நட்டஈட்டுக்கு அதுதான் அடிப்படை. விமானம் எவ்வளவு சுற்றிப் போனது என்று சட்டம் பார்ப்பதில்லை. பெருவட்டத் தூரத்தை மட்டுமே பார்க்கிறது.

1500 கி.மீ. வரை ஒரு தொகை, அதற்கு மேல் இன்னொரு தொகை. பிரிட்டனில் 220 பவுண்டு, 350 பவுண்டு. ஐரோப்பிய விதியில் 250 யூரோ, 400 யூரோ. மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி, அதற்கு நிறுவனம்தான் பொறுப்பு என்றால் கேட்கலாம். ஹீத்ரோ – ரோம் 1500-க்குக் கீழே வருகிறது, ஹீத்ரோ – லிஸ்பன் மேலே போகிறது. இரண்டுக்கும் பறக்கும் நேரம் பெரிதாக வேறுபடாது, ஆனால் தொகையில் 130 பவுண்டு வித்தியாசம்.

மாறிப் போகும் பயணத்திலும் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையிலான நேர்கோட்டைத்தான் எடுப்பார்கள். ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்களின் வழக்கில் 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. பறந்த தூரம் 1656 கி.மீ., நேர்கோடு 1326. கிடைத்தது 250 யூரோ கணக்கில்தான்.

சுவிஸ் அந்த ஐரோப்பிய விதியை 2006 டிசம்பரிலிருந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பிந்தியதற்கும் பணம் உண்டு என்பது 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. சுவிஸ் நீதிமன்றங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆகவே சூரிச்சிலிருந்து கிளம்பும் பயணத்தில் கொஞ்சம் இழுபறி இருக்கும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரயில்பிரியன்:
சுதா அக்கா சொன்னது சரி, அம்மாவின் முழங்காலை நான் நினைத்துப் பார்க்கவில்லை. சிட்டி விமான நிலையம் எப்படி? சின்னது, விமானத்திலிருந்து வெளியே வர அதிக நடை இல்லை.

ஓடுபாதை28:
சிட்டி நல்ல நிலையம். ஓடுபாதை 1508 மீட்டர்தான், வழக்கமான 3 டிகிரிக்குப் பதிலாக 5.5 டிகிரிச் சரிவில் இறங்குவார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு அடிவயிறு கொஞ்சம் கலங்கும். ஆனால் அது நகரத்தின் கிழக்கே இருக்கிறது, ஹாரோ வடமேற்கில். காரில் நகரத்தைக் கடந்து வர வேண்டும். தவிர, சனி மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை அந்த நிலையத்தையே மூடிவிடுவார்கள். அம்மாவுக்கு ஹீத்ரோதான் வசதி.

திரும்பும் பயணம் பற்றியும் ஒரு வார்த்தை. சூரிச்சில் இரவு 11 மணிக்குக் கதவடைப்பு. பிந்தி வருபவர்களுக்கு 11:30 வரை இடம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு கிடையாது. லண்டனிலிருந்து கடைசி விமானத்தை எடுத்து அது அங்கேயே பிந்தினால், கிளம்பாமலே ரத்தாகிவிடும் ஆபத்து உண்டு. நீங்கள் பார்த்த 18:00 விமானம் நல்ல தேர்வு, அதை மாற்றாதீர்கள்.

ஜூன் மாதமாக இருப்பது நல்லது. நவம்பர் என்றால் சூரிச்சின் காலைப் பனிமூட்டத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருப்பேன்.

அளவெட்டியான்:
சுதா அக்கா எழுதியதை வாசித்தபின் மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். அம்மா முதலில் மறுத்தார், வெள்ளி கோவிலுக்குப் போகாமல் எங்கும் போக மாட்டார். காலைப் பூசை முடிந்து வந்து கிளம்பக்கூடிய மாதிரி 17:15 விமானம் எடுத்தேன். லண்டனில் 18:05. அதே 1 மணி 50 நிமிடம். வலப்பக்க ஜன்னல், எஃப் இருக்கை.

நாட்டிகல்:
போய் வந்ததும் உண்மை நேரத்தை எழுதுங்கள் அண்ணா. கோட்டில் இருக்கும் 788 கி.மீ. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு எவ்வளவு ஆகிறது என்று எந்தத் தளமும் சொல்வதில்லை.

அளவெட்டியான்:
கேட்டபடி எழுதுகிறேன். அம்மாவின் கையில் ஒரு சின்னக் கொப்பியும் பேனாவும் கொடுத்துவிட்டேன், அவர் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். ஊரில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், குறிப்பு எழுதுவதில் பிசகமாட்டார். லண்டன் நேரத்தையும் சுவிஸ் நேரமாக மாற்றித் தருகிறேன், கூட்டிப் பார்க்கச் சுலபம்.

வின்டர்தூரில் வீட்டை விட்டுக் கிளம்பியது 14:20. ரயிலில் விமான நிலையம் கால் மணி நேரம். உதவிப் பகுதியில் பெயர் கொடுத்து, பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட். ஈ வாசல் என்பதால் தரைக்கு அடியில் ஓடும் குட்டி ரயிலில் கொண்டுபோயிருக்கிறார்கள். அதில் மாடு கத்தும் சத்தமும் மணிச் சத்தமும் போடுவார்களே, அம்மா அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

17:15 என்ற விமானத்தைப் பின்னால் தள்ளியது 17:24. மேலே எழும்பியது 17:41. ஹீத்ரோவில் சக்கரம் தரையைத் தொட்டது 19:02. வாசலில் நின்றது 19:13. ஆக பிளாக் டைம் 1 மணி 49 நிமிடம், டிக்கெட்டுக்கு ஒரே ஒரு நிமிடம் குறைவு! காற்றில் இருந்தது 1 மணி 21 நிமிடம். ஓடுபாதை அண்ணாவின் கணக்கு அப்படியே வந்திருக்கிறது.

வீல்செயார் வந்தது 19:31. வெளியே வந்து தங்கச்சியின் கணவரைக் கண்டது 20:12. ஹாரோ வீட்டு வாசலில் 21:05.

வீட்டிலிருந்து வீட்டுக்கு 6 மணி 45 நிமிடம். அதில் பறந்தது 81 நிமிடம்.

சனிக்கிழமை மண்டபத்தில் 3 மணிக்கே அம்மா முன்வரிசையில் இருந்தார். ஆரத்தி அவர்தான் எடுத்தார். படம் வந்திருக்கிறது, சுதா அக்காவுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கண்ணன் தம்பி, கொப்பியில் உங்களுக்கும் ஒரு வரி இருக்கிறது. லண்டன் நேரம் 17:40 போல விமானம் ஒரு முழுச் சுற்றுப் போட்டதாம். கீழே பச்சை வயல், சின்னச் சின்ன வீடுகள். யாராவது தோட்டத்தில் நிற்கிறார்களா என்று அம்மா தேடிப் பார்த்தாராம். அதற்குப் பிறகு ஆறும் பாலமும். அந்தப் பக்கத்தில் நேரம் எதுவும் எழுதவில்லை.

கென்ட்_கண்ணன்:
வெள்ளி 17:40-க்கு நாங்கள் இரண்டு பேரும் வெளியேதான் நின்றோம் அண்ணா. மகனிடம் சொன்னேன். இப்போது மேலே பார்த்துக் கை காட்டிக்கொண்டிருக்கிறான்.